ஆறு பேர் வாசித்த முடிவில்லாத போர்

இதை ஒரு புத்தக விமர்சனமாக எழுதத்தான் முதலில் உட்கார்ந்தோம். ஆறு பேர் ஒரு நாவலை வாசிப்பது, பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு கருத்தை எழுதுவது என்பதுதான் திட்டம். மூன்று வெள்ளிக்கிழமை வாக்குவாதப்பட்ட பிறகு, ஒரு கருத்து வரவே வராது என்பது விளங்கிவிட்டது. அதனால் யார் என்ன சொன்னோமோ அதை அப்படியே எழுதுகிறோம். பேர் போடவில்லை. ஊர் சின்னது.

எங்களில் மூன்று பேர் பாண்டிருப்பு. இரண்டு பேர் மருதமுனை. ஒருத்தர் நற்பிட்டிமுனை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் பஸ்ஸில் போகும் வெளியூர்க்காரருக்கு, பாண்டிருப்பு எங்கே முடிந்து மருதமுனை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். எந்த மதிலோடு, எந்தக் கடையோடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். கடற்கரையில் மட்டும் அந்தக் கோடு அவ்வளவு தெரியாது. அதனால் அங்கேதான் கூடினோம். அசர் தொழுகை முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும்தான் நேரம்.

புத்தகம், ஜோ ஹால்ட்மன் எழுதிய 'தி ஃபொரெவர் வார்'. முடிவில்லாத போர் என்று சொல்லலாம். 1974இல் வெளிவந்த அமெரிக்க அறிவியல் புனைவு நாவல். எங்களில் ஒருத்தனைத் தவிர மற்ற யாரும் இந்த வகையை வாசித்துப் பழகியவர்கள் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ நாய்க்குட்டியோடு எங்கள் அறிவியல் புனைவு முடிந்துபோயிருந்தது. ஆங்கிலமும் எல்லாருக்கும் ஒரே அளவில் ஓடாது. ஆகவே அத்தியாயங்களைப் பங்கு போட்டோம். வாசித்தவர் வந்து மற்றவர்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான் பாதி வாக்குவாதம் வந்தது.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹால்ட்மன் பௌதிகவியலும் வானியலும் படித்தவர். படிப்பு முடிந்த கையோடு 1967இல் கட்டாய இராணுவ சேவைக்கு எடுத்து வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அங்கே படுகாயப்பட்டுத் திரும்பினார். இந்த நாவலைப் பதினெட்டுப் பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்களாம். பிறகு வெளிவந்ததும் ஹியூகோ, நெபியூலா என்று அந்தத் துறையின் இரண்டு பெரிய விருதுகளும் கிடைத்தன.

கதை இதுதான். மண்டெல்லா என்ற பௌதிகவியல் மாணவனைப் படைக்குப் பிடிக்கிறார்கள். எதிரி, டோரன் என்று பேர் வைக்கப்பட்ட வேற்றுக்கிரகத்தார். அவர்கள் எப்படி இருப்பார்கள் என்றே யாருக்கும் தெரியாது. சண்டை நடக்கும் இடங்களுக்கு ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் போய்வர வேண்டும். அங்கேதான் ஐன்ஸ்டைன் வருகிறார். வேகம் கூடக் கூட, பயணிப்பவரின் நேரம் மெதுவாகும். ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 99 பங்கு வேகத்தில் போனால், கப்பலில் ஒரு வருடம் கழியும்போது வீட்டில் கிட்டத்தட்ட ஏழு வருடம் போயிருக்கும். இன்னும் நெருங்கினால் வித்தியாசம் இன்னும் கூடும். மண்டெல்லா முதல் தடவை பூமிக்குத் திரும்பி வரும்போது 2024ஆம் ஆண்டு. அவனுக்குப் போனது கொஞ்ச வருடம்தான். பூமியில் கால் நூற்றாண்டுக்கு மேல். கடைசியில் போர் முடியும்போது, மொத்தம் 1143 வருடம் நடந்திருக்கிறது. அந்தப் போரை முதல் நாளிலிருந்து கண்டவன், இன்னும் வாலிபனாகவே இருக்கிறான்.

முதல் வெள்ளிக்கிழமை, கணிதப் பிரிவில் உயர்தரம் படித்தவனின் நாள். அறிவியல் புனைவு தெரிந்த அந்த ஒருத்தன் அவன்தான். அவனுக்கு இந்த நாவலை விட ரொபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' மேல். 1959இல் வந்தது, அதுவும் ஹியூகோ விருது வாங்கியது. அதில் ஒரு படைவீரன் பயிற்சியில் அடிபட்டு, ஒழுங்கு பழகி, தலைவனாகிறான். எதிரிகள் பூச்சி வடிவில் இருப்பவர்கள். சேவை முடித்தவர்களுக்குத்தான் அந்த நாட்டில் வாக்குரிமை.

"ஹைன்லைன்ட படை ஒழுங்கா இரிக்கி. ஹால்ட்மன்ட படையில யாருக்கும் என்ன செய்யிறண்டே தெரியா" என்றான்.

"ஹைன்லைன் கடற்படையில இருந்தவர், வருத்தம் வந்து 1934லயே வெளிய வந்திட்டார். சண்டை காணல்ல. ஹால்ட்மன் கண்டவர். கண்ட ஆளுக்குத்தான் அந்தக் குழப்பம் தெரியும்" என்றார் நற்பிட்டிமுனை நண்பர். பிறகு இன்னொன்றும் சொன்னார். "எதிரியைப் பூச்சி எண்டு ஒருக்காச் சொல்லிட்டா, மறுகா எத்தின பேர் எண்டு கணக்கு வைக்கத் தேவல்ல."

வாக்குரிமை விசயத்தில் மட்டும் ஆறு பேரும் ஒத்துப்போனோம். துவக்குத் தூக்கியவருக்கு மட்டும்தான் வாக்கு என்ற நாட்டில் எங்கள் வீடுகளில் எத்தனை பேருக்கு வாக்கு இருந்திருக்கும் என்று யோசித்தபோது, யாருக்கும் அதற்கு மேல் கதைக்க மனம் வரவில்லை.

இரண்டாம் வெள்ளி, எங்களில் இரண்டு பெண்களின் நாள். ஹால்ட்மனின் படையில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்கிறார்கள். 1974இல் அப்படி எழுதியது பெரிய காரியம்தான். ஆனால் யார் யாரோடு படுப்பது என்று முறை போட்டு வைத்திருக்கிறார்கள். மறுக்கும் கதையே அங்கே இல்லை. "பகல்ல துவக்கு, இரவில றேசன்" என்று ஒருத்தி ஒரே வரியில் சொல்லி முடித்தாள். அவள் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' வாசித்தவள். துவக்குத் தூக்கிய பெண் ஒருவர் தானே எழுதியதை வாசித்த பிறகு, ஹால்ட்மனின் பெண் வீரர்கள் ஆம்பிளைகள் பாசறையில் கண்ட கனவு மாதிரி இருக்கிறார்கள் என்பது அவள் கருத்து. மேரிகே மட்டும் விலக்கு. மண்டெல்லாவின் காதலி. அது ஹால்ட்மன் தன் மனைவியின் பேரைக் கொடுத்துப் படைத்த பாத்திரம் என்று தெரிந்ததும், "அதான் அவ மட்டும் மனுசியா இருக்கா" என்றாள்.

நாவலில் இன்னொரு இடம் உண்டு. நூற்றாண்டுகள் கழித்து மண்டெல்லா தளபதியாகும்போது, அவனுக்குக் கீழே இருக்கும் எல்லாரும் தன்பாலினத்தவர்கள். சனத்தொகையைக் கட்டுப்படுத்தப் பூமியே அப்படி மாறியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அவன் ஒருத்தன்தான் கோணல் பிறவி. ஹால்ட்மன் இதை நக்கலாகக் கையாண்டார், ஒருவருடைய இயல்பை அரசு மாற்றியமைக்கிற விசயமாக்கிவிட்டார் என்பது எங்களில் சிலரின் குறை. அது நியாயமான குறை. மற்றவர்கள் சொன்னது வேறு: எது வழமை, எது கோணல் என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதை அந்த அத்தியாயம் காட்டிவிட்டது. எங்களுக்கு இது புத்தகம் வாசித்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. எங்கள் பக்கம் ஒரு சந்தியில் பெரும்பான்மையாக இருப்பவர், அடுத்த சந்தியில் சிறுபான்மை.

அதே நாளில்தான் ஒரு வேடிக்கையும் நடந்தது. மண்டெல்லா வீடு திரும்பும் பகுதியை ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பூமியில் வேலை இல்லை, வழிப்பறி, ஆள் துணையில்லாமல் வெளியே போக முடியாது. மேரிகேயின் தாயும் தகப்பனும் அவர்களுடைய தோட்டத்திலேயே கொள்ளைக்காரர்களால் கொல்லப்படுகிறார்கள். மண்டெல்லாவின் தாய்க்கு வயது போய்விட்டதால் வைத்திய வரிசையில் அவளுக்கு இடமே இல்லை. அவளும் சாகிறாள். இருவரும் திரும்பப் படைக்கே போகிறார்கள்.

"இப்பிடி என்ட புத்தகத்தில இல்லையே" என்றான் மற்றவன். அவனிடம் இருந்தது கொழும்பில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, மட்டை கிழிந்த பழைய பதிப்பு. இவளிடம் இருந்தது பிந்திய பதிப்பு. இரண்டிலும் அந்தப் பகுதி வேறு வேறு. ஒருவரை ஒருவர் 'நீ வாசிக்கல்ல' என்று குற்றம் சாட்டிய பிறகுதான் தேடிப் பார்த்தோம். வீடு திரும்பும் அந்தப் பகுதி மனதைக் கீழே தள்ளுவதாக இருக்கிறது என்று, கதையைத் தொடராக வெளியிட்ட சஞ்சிகையின் ஆசிரியர் மறுத்துவிட்டார். ஹால்ட்மன் வேறொன்றை, கொஞ்சம் மென்மையாக, எழுதிக் கொடுத்தார். புத்தகத்திலும் அதுதான் போனது. முதலில் எழுதியது பல வருடம் கழித்து வந்த பதிப்பில்தான் திரும்பச் சேர்ந்தது.

கொலை, குண்டு, கை கால் பறப்பது எல்லாவற்றையும் அந்தச் சஞ்சிகை போட்டிருக்கிறது. போனவன் திரும்பி வந்தால் என்ன என்பது மட்டும் வாசகருக்குத் தாங்காது என்று நினைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இதைத்தான் அதிக நேரம் கதைத்தோம்.

ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்தது அந்தப் பகுதிதான். எங்களில் ஒருத்தியின் மாமா, அவள் பிறக்க முன்னமே இயக்கத்துக்குப் போனவர். 2004 ஏப்ரலில் கிழக்கில் இயக்கம் பிளந்தபோது நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் வந்தார். அதே வருடம் டிசம்பர் 26 கடல் வந்தது. அவர் திரும்பி வந்த வீடு எட்டு மாதம்தான் இருந்தது. இப்போது அவர் கூலி வேலைக்குப் போகிறார், கனக்கக் கதைக்க மாட்டார். இவள் அம்மம்மாவுக்கு நாவல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்து கேட்டிருக்கிறார். எல்லாம் முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாராம்.

"அவனுக்குச் சம்பளம் குடுத்தாங்களா, மனே?"

"ஓம் மாமா. பூமியில போன அத்தின வருசத்துக்கும் சேர்த்துக் குடுத்தாங்க."

"அப்ப நல்ல சண்டைதான்" என்று சொல்லிவிட்டு, எழும்பி வெளியே போய்விட்டார்.

நாங்கள் வாசித்த எந்த விமர்சகரும் இந்த நாவலை இப்படிப் பார்க்கவில்லை.

மருதமுனைத் தோழி சொன்ன இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நேரம் பிசகுவதற்கு ஒளியின் வேகம் தேவையில்லை என்றாள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய், ஆறு வருடம் கழித்து எயார்போட்டில் வந்து இறங்கும்போது, அவள் மனதில் இருக்கும் பிள்ளைக்கு மூன்று வயது. முன்னால் நிற்கும் பிள்ளைக்கு ஒன்பது. 'உம்மா' என்று கூப்பிட அதற்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை யார் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாம் வெள்ளி, நாவலின் முடிவுக்கு வந்தோம். வாசிக்க நினைத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1143 வருடப் போர் ஒரு பிழையான விளக்கத்தால் தொடங்கியது என்று கடைசியில் தெரியவருகிறது. ஆரம்பத்தில் காணாமல் போன கப்பல்கள் விபத்தில் போனவை. டோரன்கள் யாரையும் தாக்கவில்லை. அவர்கள் எல்லாரும் ஒரே உயிரின் பிரதிகள், தனித்தனி மனிதர் என்பதே அவர்களுக்கு விளங்காது. அதனால் கதைக்க முடியவில்லை. மனித குலமும் அதே மாதிரிப் பிரதிகளாக மாறிய பிறகுதான் இரண்டு தரப்பும் கதைக்கிறார்கள். "ஏன் தொடங்கினீங்க?" என்பது முதல் கேள்வி. "நாங்களா?" என்பது பதில். போர் நின்றுவிடுகிறது.

கணிதக்காரனுக்கு இது பிடித்திருந்தது. "எவ்வளவு பெரிய போரா இருந்தாலும், கதைச்சா முடியும் எண்டு சொல்றார்" என்றான்.

மருதமுனைத் தோழி புத்தகத்தை மடியில் மூடி வைத்தாள். "1990ல எங்கட வாப்பாமாருக்கும் உங்கட அப்பாமாருக்கும் கதைக்கப் பாஷை தெரியாமலா இருந்திச்சு?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வருடம் ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12, வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் இடையில் ஒன்பது நாள். கொன்றவர்களும் செத்தவர்களும் ஒரே மொழி பேசியவர்கள். அதற்கு முன்பு ஒரே சந்தையில் மீன் வாங்கியவர்கள், ஒரே வயலில் அறுவடை செய்தவர்கள். பிழையான விளக்கம் என்று சொல்லித் தப்ப முடியாத சண்டை எங்களுடையது.

பாண்டிருப்பில் பிறந்தவர்களுக்கு இது இன்னும் முந்தியே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பேருக்கே பாண்டவர் இருந்த இடம் என்றுதான் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். திரௌபதை அம்மன் கோயிலில் வருசா வருசம் பதினெட்டு நாள் சடங்கு நடக்கும். வனவாசம், அருச்சுனன் தவநிலை, கடைசியில் தீமிதிப்பு. சின்ன வயதில் தோளில் இருந்து பார்த்தோம், பிறகு கூட்டத்தில் நெருக்குப்பட்டுப் பார்த்தோம். அந்தக் கதையில் எதிரி யார்? பெரியப்பன் பிள்ளைகள். ஒரே குருவிடம் வில் பழகியவர்கள். ஒருவர் மொழி ஒருவருக்கு நன்றாகவே விளங்கியது. கண்ணன் தூது போய் ஐந்து வீடாவது கொடு என்று கேட்டதும் விளங்கியது. விளங்கித்தான் இல்லை என்றார்கள்.

ஹால்ட்மனின் நாவலில் எங்களுக்கு உண்மையாகப் பட்டது முடிவு இல்லை, தொடக்கத்தில் வரும் ஓர் இடம். முதல் சண்டைக்கு முன் வீரர்களின் மனதில் வசியம் மூலம் ஒரு வெறுப்பை ஏற்றி வைக்கிறார்கள். கட்டளைச் சொல் கேட்டவுடன், டோரன்கள் செய்ததாகச் சொல்லப்படும் கொடுமைகள் எல்லாம் நினைவில் பொங்கி வருகின்றன. அவை நடக்கவே இல்லாதவை. அது பொய் என்று மண்டெல்லாவுக்குத் தெரியும், தெரிந்தும் கை நிற்கவில்லை. சண்டை பிடிக்கவே தெரியாத டோரன்களைக் கொன்று குவிக்கிறார்கள். பிறகு அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

எங்கள் வீடுகளிலும் நினைவை ஏற்றித்தான் வளர்த்தார்கள். பாண்டிருப்பு வீடுகளில் வீரமுனையைச் சொன்னார்கள். மருதமுனை வீடுகளில் காத்தான்குடியைச் சொன்னார்கள். நாவலில் வருவது போல எதுவுமே பொய் இல்லை. எல்லாம் நடந்தது. ஆனால் எங்கள் ஆறு பேரில் ஒருவருக்காவது இரண்டு கதையும் வீட்டில் சொல்லப்படவில்லை. பாதிதான் கிடைத்தது. பிரதேச செயலகப் பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம் வரைக்கும் போன நாட்களில், நாங்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள், அந்தப் பாதிக் கதையை வைத்துக்கொண்டே போனில் ஒருவரை ஒருவர் ஏசினோம். பிறகு அதை அழித்தோம். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தோம். எழுதுவோம் என்று ஆறு பேரும் சொன்னோம்.

கடைசிப் பக்கங்களில் மேரிகே மண்டெல்லாவுக்கு எழுதிவைத்த கடிதம் ஒன்று வருகிறது. இருநூற்றைம்பது வருடப் பழைய கடிதம். அவள் ஒரு கப்பலில் ஏறி, வேகமாகப் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். அப்படியிருந்தால் அவளுக்கு வயது மெதுவாகத்தான் போகும். அவன் எப்போது வந்தாலும் காத்திருப்பாள். கேட்டதும் எல்லாருக்கும் கண் கலங்கியது, கணிதக்காரனுக்கும்தான். பிறகு ஒருத்தி சொன்னாள், "எங்கட அம்மாமாருக்கு அப்பிடி ஒரு கப்பல் கிடைக்கல்ல." காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு 2017இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் றோட்டோரம் இருக்கும் தாய்மார், எல்லாருக்கும் போகும் வேகத்திலேயே கிழவியாகிறார்கள். படத்தில் இருப்பவருக்கு மட்டும் வயது போகவில்லை.

புத்தகம் நல்லதா என்று கேட்டால், நாலு பேர் நல்லது, ஒருத்தி பாதி நல்லது, ஒருத்தன் ஹைன்லைன்தான் நல்லது. வாசியுங்கள். பிந்திய பதிப்பைத் தேடி வாசியுங்கள். அறிவியல் புனைவு எங்கள் மண்ணுக்கு அந்நியம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இந்த நாட்டில் இருந்தவர். 2007 டிசம்பரில் தன் 90ஆவது பிறந்தநாளுக்குப் பதிவு செய்த உரையில் மூன்று ஆசை சொன்னார். ஒன்று, வேற்றுக்கிரக உயிர் இருப்பதற்கு ஆதாரம். மற்றது, எண்ணெயை விட்டுச் சுத்தமான சக்திக்கு உலகம் மாறுவது. மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம். மூன்று மாதத்தில் மௌத்தாகிவிட்டார். மூன்றில் எது முதலில் நிறைவேறும் என்று நாங்கள் பந்தயம் கட்டப் பார்த்தோம். கட்ட ஒருவரும் வரவில்லை.

"இவ்வளவு கதைக்கிறமே, எங்கட சண்டையைப் பற்றித் தமிழ்லயே நாவல் இருக்கே, அதை ஏன் முதல்ல எடுக்கல்ல?" என்று நற்பிட்டிமுனை நண்பர் கேட்டார். அக்கரைப்பற்றுச் சந்தையையும் அங்கே தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்த கதையையும் வைத்து விமல் குழந்தைவேல் எழுதிய 'கசகறணம்' அவர் பையில் இருந்தது. முதல் வெள்ளியிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், வெளியே எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று அவரைக் கேட்கத் தேவையில்லை. டோரன்களைப் பற்றிக் கதைக்கும்போது யாருக்கும் யாருடைய வாப்பாவும் அப்பாவும் நினைவுக்கு வர வேண்டியதில்லை. மூன்று கிழமை அப்படிக் கதைத்துக் கதைத்துத்தான், அந்தப் பையைத் திறக்கிற அளவுக்கு வந்தோம்.

பாங்கு சொன்னது. மருதமுனைக்காரர் இருவரும் எழும்பி மணலைத் தட்டினார்கள். போகும்போது தோழி 'கசகறண'த்தை வாங்கிக்கொண்டு போனாள். முதல் அத்தியாயம் அவள் சொல்ல வேண்டும். வாற வெள்ளி, அசருக்குப் பிறகு.